நூலும் சிக்கலும்

நூல் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். பஞ்சிலிருந்து நூற்கப்படும் இழையும் நூல்; புலவன் சொற்களைக் கொண்டு யாக்கும் ஏடும் நூல். பவணந்தி முனிவர் தம் நன்னூற் பாயிரத்தில் இவ்விரண்டையும் உவமையால் இணைத்துக் காட்டுகின்றார். அம்மட்டோடு அமையாது, மரத்தின் கோணலை அறிதற்குத் தச்சன் பிடிக்கும் நூலையும் எடுத்துக்காட்டி, அந்நூல் மரத்துக்குச் செய்வதை ஏட்டு நூல் மனத்துக்குச் செய்யவேண்டும் என்கின்றார். ஒரு நூலை வாசித்து முடித்தவன் தன் மனத்தில் ஒரு கோணலேனும் நிமிர்ந்ததா என்று தன்னையே வினவுதல் வேண்டும். அவ்வினாவை அண்மையில் ஒரு நூலைக் குறித்து யாமும் வினவ நேர்ந்தது. அதன் விடையே இக்கட்டுரை.

எமது கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழாவையொட்டி எம்மிடம் ஒரு பணியை ஒப்படைத்தனர். கடல் கடந்த நாடொன்றில் உயர்பதவி வகிக்கும் பழைய மாணவர் ஒருவர் ஆங்கில நூல் ஒன்றை அனுப்பியிருந்தார். அதனைத் தமிழாக்கி, விழா நினைவு வெளியீடாக உயர்தர வகுப்பு மாணவர்க்கு இலவசமாக வழங்கலாம் என்றும், அச்சுச் செலவு முழுவதையும் தாமே ஏற்பார் என்றும் எழுதியிருந்தார். கொடையுள்ளம் போற்றற்குரியது. நூல் தகுதியுடையதாயின் மொழிபெயர்க்க வேண்டும். அன்றேல் காரணம் கூறவேண்டும். இதுவே எமக்கு இடப்பட்ட கட்டளை.

யாம் விஞ்ஞானப் பட்டதாரி அல்லேம். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் பெற்று, கொழும்பு கொச்சிக்கடையில் வாழ்ந்து, இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேலாகத் தமிழ் கற்பித்து வருபவர். இத்தகைய நூலை ஆராய எமக்கு என்ன தகுதி என்று சிலர் ஐயுறலாம். விஞ்ஞானம் கல்லாதார்க்கென்றே எழுதப்பட்டதாகத் தன்னைக் கூறிக்கொள்ளும் நூலுக்கு விஞ்ஞானம் கல்லாதவனே தக்க நடுவன் அல்லனோ? சமையலின் சுவையைக் கூறவேண்டியவன் உண்பவனே.

அந்நூலின் பெயர் 'சிம்பிளெக்சிற்றி'. எளிமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் சிக்கலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஒட்டவைத்து ஆக்கிய பெயர் அது. எளியவை ஏன் சிக்கலாகின்றன, சிக்கலானவை எங்ஙனம் எளிமையாகலாம் என்பது அதன் துணைத் தலைப்பு. எழுதியவர் 'ரைம்' சஞ்சிகையின் எழுத்தாளர் ஜெப்ரி குளூகர். வெளிவந்த ஆண்டு 2008. இவர் எளிய மனிதர் அல்லர். 1970இல் பழுதுற்று, மூவரையும் உயிருடன் மீட்டுவந்த அப்பலோ 13 விண்கலத்தின் வரலாற்றை, அதன் தலைவர் ஜிம் லவலுடன் சேர்ந்து எழுதிப் புகழ் பெற்றவர். ஆதலின் யாம் நிறைந்த நம்பிக்கையுடனேயே நூலைத் திறந்தோம்.

தொடக்கமும் நம்பிக்கையைக் குலைக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் 1984இல் நிறுவப்பட்ட சாந்தா பே ஆராய்ச்சி நிலையத்துக்கு ஆசிரியர் எம்மை அழைத்துச் செல்கின்றார். 1969இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்ற மரே கெல்மான் அக்காலத்தில் அங்கிருந்த அறிஞருள் முதன்மையானவர். ஒருபுறம் முற்றிலும் ஒழுங்கான பொருள். மறுபுறம் முற்றிலும் ஒழுங்கற்ற பொருள். இவ்விரண்டும் ஒருவகையில் எளியனவே. உண்மையான சிக்கல் இவற்றின் இடையிலேதான் உள்ளது என்னும் அரிய கருத்து அங்கே எமக்கு அறிமுகமாகின்றது. இஃது எம்மைப் போன்றோர் பலகாலம் சிந்தித்தற்குரிய கருத்து.

ஆனால் நூல் அதனைச் சிந்திக்க நிற்கவில்லை. பங்குச் சந்தையின் போக்கை முன்னறிதல் ஏன் அரிது? தீப்பற்றிய கட்டடத்தை விட்டு வெளியேறுதல் ஏன் அரிது? ஒரு துப்பாக்கிக் குண்டு எங்ஙனம் உலகப் போரைத் தொடங்கியது? வலிய அணி ஏன் தோற்கின்றது? குழந்தை எங்ஙனம் மொழி கற்கின்றது? கைத்தொலைபேசியில் ஏன் இத்தனை பொத்தான்கள்? ஒவ்வோர் இயலும் இத்தகைய வினாவைத் தலைப்பாகக் கொண்டு எழுகின்றது. ஒவ்வொன்றிலும் சுவையான செய்திகள் உள. அறிஞர் சிலரின் கூற்றுகள் உள. ஈற்றில், இது தோன்றுவதிலும் சிக்கலானது, அல்லது தோன்றுவதிலும் எளியது என்ற அளவில் இயல் முடிவுறுகின்றது. அடுத்த வினா தொடங்குகின்றது. பங்குச் சந்தைக்கும் குழந்தையின் மழலைக்கும் பொதுவான அளவுகோல் யாது? நூலின் பெயராய் நிற்கும் சொல்லுக்கு இலக்கணம் யாது? தேடித் தேடிப் பார்த்தும், ஈற்றுவரை உறுதியாகக் கையாளப்பட்ட ஓர் இலக்கணம் எமக்கு அகப்படவில்லை.

நன்னூலார் நூலுக்குக் குற்றம் பத்து என வகுத்தார். அப்பத்தும் இந்நூலில் உள என்று கூறின் அது நடுவுநிலை ஆகாது. நான்கு மட்டும் எம் கண்ணுக்குப் புலப்பட்டன. ஒரு சொல்லைப் பல பொருளில் ஆண்டு வாசகனைத் தடுமாறச் செய்தல் மயங்க வைத்தல். எடுத்த பொருளை விட்டு அயற்பொருளைப் பெருக்குதல் மற்றொன்று விரித்தல். வலிவாகத் தொடங்கி வரவர மெலிந்து முடிதல் சென்று தேய்ந்து இறுதல். சொற்கள் நின்றும் அவற்றால் ஆவது ஒன்றும் இன்மை நின்று பயனின்மை. எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் மாணவர் மனனம் செய்துவரும் இக்குற்றப் பட்டியல், அமெரிக்காவில் 2008இல் அச்சான நூலுக்கும் பொருந்துவதைக் கண்டு யாம் வியந்தோம்.

குற்றம் கூறுதல் எளிது. அந்நூல் எதனை விளக்கியிருத்தல் வேண்டும் என்பதைக் கூறுதலே அரிது. எம்மால் இயன்ற அளவில் அதற்கு முயல்வோம்.

எம் இல்லத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் செட்டியார் தெரு. அங்குள்ள பொற்கடைகளின் கண்ணாடிப் பேழைகளில் மூவகைச் சங்கிலிகளைக் காணலாம். நேராகத் தொங்கும் ஒற்றை வடம் ஒன்று. பல இழைகளைக் கூட்டிப் பின்னிய பின்னற் சங்கிலி மற்றொன்று. வேலை முடியாமல் பணியாளன் மேசைமேற் குவிந்து, ஒன்றோடொன்று முடிச்சுண்டு கிடக்கும் சங்கிலிக் குவியல் மூன்றாவது. முதலாவது எளிமை. மூன்றாவது சிக்கல். இடையில் உள்ளதற்குத் தமிழில் அழகிய பெயர் உண்டு, அது பின்னல். பின்னலிலும் இழைகள் பல. சிக்கலிலும் இழைகள் பல. ஆயினும் பின்னலுக்கு விதி உண்டு. சிக்கலுக்கு விதி இல்லை. ஆங்கில நூலாசிரியர் ஒரே சொல்லால் இவ்விரண்டையும் சுட்டியதே மயக்கத்துக்கு மூலம் என்பது எம் கருத்து. கைத்தொலைபேசியின் பொத்தான்கள் பெரும்பாலும் சிக்கல். குழந்தை மொழி கற்றல் பின்னல். இரண்டையும் ஒரு கூடையில் இட்டால் கூடை நிறையும், பொருள் விளங்காது.

பின்னலையும் சிக்கலையும் வேறுபடுத்த ஓர் அளவுகோல் உண்டு. உருசிய நாட்டுக் கணித மேதை கொல்மகோரவ் 1965இல் அதனை வெளியிட்டார். ஐக்கிய அமெரிக்காவில் சொலமனவ், செயிற்றின் என்னும் இருவரும் தனித்தனியே அதே வழியிற் சிந்தித்தனர். ஒரு பொருளை முழுவதும் வருணித்தற்கு வேண்டிய மிகக் குறுகிய கூற்று எவ்வளவு நீளமோ, அவ்வளவே அப்பொருளின் சிக்கல் என்பது அவர்தம் கருத்து. இதனைப் படித்தபோது எமக்குப் புதியதொன்றைக் கற்றதாகத் தோன்றவில்லை; பழகிய ஒருவரை வேற்றூரிற் கண்டதாகவே தோன்றியது. சூத்திரம் என்று எம் முன்னோர் கூறியது இதுவே அன்றோ?

ஓர் உதாரணம் காட்டுதும். கல், குவியல் என்னும் சொற்கள் சேரின் கற்குவியல். பல், பொடி சேரின் பற்பொடி. சொல், தொடர் சேரின் சொற்றொடர். கல், மலை சேரின் கன்மலை. சொல், மாலை சேரின் சொன்மாலை. இவ்வாறு ஆயிரம் சொற்களை ஒரு மாணவன் மனனம் செய்யலாம். ஆயிரத்தொன்றாவது சொல் வரும்போது திகைப்பான். வேற்றுமைப் புணர்ச்சியில் நிலைமொழி ஈற்று லகரம் வல்லினம் வரின் றகரமாகவும் மெல்லினம் வரின் னகரமாகவும் திரியும் என்று ஒரு வரியிற் கூறின் ஆயிரமும் அடங்கும். இனிப் பிறக்கவிருக்கும் சொல்லும் அடங்கும். விலக்குகள் சில உள. அவற்றையும் சில வரிகளிற் சொல்லலாம். அவ்வாறன்றி, எண்களை மனம்போனபடி எழுதிய ஒரு தாளை எடுத்துக்கொள்க. அதனைச் சுருக்க வழியே இல்லை. முழுத்தாளையும் ஒப்புவித்தலே ஒரே வழி. விதியால் சுருங்குவது பின்னல். சுருங்க மறுப்பது சிக்கல்.

இவ்வளவுகோலிலும் ஒரு குறை உண்டு. குரங்கொன்று தட்டெழுத்துப் பொறியை மனம்போனபடி தட்டினால் வரும் எழுத்துக் குவியல், கம்பர் காவியத்திலும் சிக்கலானது என்று இவ்வளவுகோல் கூறிவிடும். ஏனெனில் குரங்கின் எழுத்தைச் சுருக்க இயலாது. ஆதலின் கெல்மான் 1994இல் வெளியிட்ட தம் 'குவாக்கும் ஜாகுவாரும்' என்னும் நூலில் இதனைத் திருத்தினார். முழுப்பொருளின் வருணனையை அளவாதீர். அதிலுள்ள ஒழுங்குகளின் வருணனையை மட்டும் அளவுங்கள் என்றார். அங்ஙனம் அளந்தால் வெறும் நேர்கோடும் சிறியது, குரங்கின் எழுத்தும் சிறியது, காவியமே பெரியது. முற்றொழுங்குக்கும் முற்றொழுங்கின்மைக்கும் இடையிலேதான் பின்னல் உளது என்று முன்னர்க் கூறிய கருத்தின் காரணம் இப்போது விளங்கும். இவ்வளவையும் சில பந்திகளிற் கூற இயன்றது. ஒரு நூல் முழுவதையும் கையில் வைத்திருந்த ஆசிரியர் இதனை நிதானமாகச் சொல்லி, ஒவ்வோர் இயலையும் இதனால் அளந்து காட்டியிருப்பின் யாம் அன்றே மொழிபெயர்ப்பைத் தொடங்கியிருப்போம்.

விதியைச் சொன்னால் மட்டும் போதாது. அதனை வாசகன் கையிலே கொடுத்தல் வேண்டும். கொடுத்தலாவது, அவன் தானே செய்து பார்க்கும்படி விடுதல். கொழும்பில் தைப்பொங்கலன்று கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளின் ஒடுங்கிய வாயில்களிலும் மாடிவீட்டுப் படிக்கட்டு முகப்புகளிலும் எம் தாய்மார் கோலம் இடுவர். புள்ளிகளைச் சுற்றிச் சுற்றிக் கோடு வளைந்து செல்லும் வகைக்குச் சிக்குக் கோலம் என்று பெயர். பெயரிலே சிக்கு, இயல்பிலோ அது பின்னல். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிவ்ற் சிரோமணியும், ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் இத்தகைய கோலங்களை ஆராய்ந்து, சில குறியீடுகளையும் அவற்றை மாற்றி எழுதும் சில விதிகளையும் கொண்டே கோலக் குடும்பங்களைப் பிறப்பிக்கலாம் என்று 1974இல் கட்டுரை வெளியிட்டனர். மொழிக்கு இலக்கணம் வகுப்பது போலவே கோலத்துக்கும் இலக்கணம் வகுத்தனர் எனலாம். கணினி விஞ்ஞானம் பயில்வோர் இன்றும் அக்கட்டுரையை எடுத்தாள்கின்றனர்.

இனி, வாசகர் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்க. மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளியாகப் பன்னிரண்டு புள்ளிகள் இடுக. புள்ளிகளுக்கு இடையே சாய்வாகச் செல்லும் கோட்டைத் தொடங்கி, ஓரத்தை அடைந்தபோதெல்லாம் கண்ணாடியிற் பட்ட ஒளிபோல் திருப்பி வரைக. எல்லாப் புள்ளிகளையும் சுற்றி ஒரே கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு புள்ளியாயின் ஒரு கோடு போதாது, இரண்டு வேண்டும். மூன்றுக்கு மூன்றாயின் மூன்று கோடுகள். இதன் மறை யாது? வரிசைகளின் எண்ணுக்கும் வரிசையிலுள்ள புள்ளிகளின் எண்ணுக்கும் பொதுக் காரணிகளுட் பெரியது எதுவோ, அதுவே கோடுகளின் எண்ணிக்கை. ஆறாம், ஏழாம் வகுப்பிலே கற்ற கணிதம் வாயிற்படியிலே மாவாகக் கிடக்கின்றது!

இதனை எம் தமிழ் வகுப்பிலே, உரைநடைப் பயிற்சிக்கு ஒரு பொருளாக, மாணவர்க்குக் கொடுத்தோம். வரைந்து பார்த்துக் கண்டதைப் பத்து வரியில் எழுதுக என்றோம். கணிதத்தைக் கண்டாலே அஞ்சிக் கலைப்பிரிவிற் சேர்ந்த பிள்ளைகள் அவர்கள். மறுநாள் ஒருவன் எழுதி வந்ததை இன்றும் மறந்திலேம். எத்தனை புள்ளி வைத்தால் கோடு ஒன்றாக முடியும் என்பதைத் தன் தாயார் எண்ணாமலே அறிவார் என்றும், ஏன் என்று கேட்டபோது கைப்பழக்கம் என்றார் என்றும், தான் அதன் காரணத்தை அவருக்கு விளக்கியபோது அவர் வேலையை விட்டுவிட்டு அருகில் அமர்ந்து கேட்டார் என்றும் அவன் எழுதியிருந்தான். அப்பிள்ளையைப் பற்றியே யாம் இங்குக் கவலுகின்றோம். இலவசமாக நாம் கொடுக்கும் நூல் அவன் கையில் வாயார மொழியத்தக்க சில செய்திகளைக் கொடுக்குமா, அன்றித் தாயாரிடம் விளக்கிச் சொல்லத்தக்க ஒரு விதியைக் கொடுக்குமா என்பதே வினா.

வேறோர் உதாரணமும் கூறலாம். ஆங்கிலேயக் கணிதர் ஜோன் கொன்வே 1970இல் அமைத்த விளையாட்டு ஒன்று உண்டு. சதுரக் கட்டங்கள் கீறிய கொப்பியில் சில கட்டங்களை உயிருள்ளவை என நிழலிடுக. ஒவ்வொரு கட்டத்துக்கும் அயற்கட்டங்கள் எட்டு. உயிருள்ள கட்டத்துக்கு உயிருள்ள அயலார் இருவரோ மூவரோ இருப்பின் அது வாழும். குறையினும் கூடினும் மடியும். வெறுங்கட்டத்துக்கு அயலார் சரியாக மூவராயின் அதில் உயிர் தோன்றும். விதி இவ்வளவே. ஒரு வரிசையில் மூன்று கட்டங்களை நிழலிட்டால் அவை படுத்தும் எழுந்தும் மாறி மாறி நிற்கும். ஐந்து கட்டங்களாலான ஓர் உருவமோ, 1103 தலைமுறைகள் பல்கிப் பெருகி அலைந்த பின்னரே அடங்கும். மூன்று வரி விதிக்குள் இத்துணைப் பின்னல் இருந்ததை எவரும் பார்த்த மாத்திரத்தே கூற இயலாது; செய்து பார்த்தே அறிதல் வேண்டும். எளிமையிலிருந்து பின்னல் பிறத்தல் என்பதன் பொருளை இதனினும் தெளிவாக எடுத்துக்காட்டுதல் அரிது.

இத்தகைய வேறுபாடுகள் புலவர் பொழுதுபோக்கு என்று எவரேனும் கருதலாகாது. ஒரு குண்டு எங்ஙனம் உலகப் போரைத் தொடங்கியது என்ற வினாவை மீண்டும் நோக்குக. 1914 யூன் 28ஆந் திகதி சரயேவோ நகரில் ஒஸ்திரிய இளவரசர் சுடப்பட்டமை உண்மை. ஆனால் பேரரசுகளின் உடன்படிக்கைகளும், படைதிரட்டும் திட்டங்களும், நெடுநாட் பகைகளும் பின்னிக் கிடந்திராவிடின் அக்குண்டு ஒரு கொலையாகவே முடிந்திருக்கும். வினாவின் வாசகமே காரணத்தை ஒரு குண்டுக்குள் அடைத்துவிடுகின்றது. இயலின் உள்ளே எத்தனை விளக்கம் இருப்பினும் இளைஞன் நினைவில் நிற்பது தலைப்பே.

கொச்சிக்கடையில் வாழ்வோர்க்கு இதன் கேடு கண்கூடு. 2019 ஏப்பிரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், இங்குள்ள புனித அந்தோனியார் தேவாலயத்திற் குண்டு வெடித்தது. செவ்வாய்க்கிழமைகளில் சமய வேறுபாடு பாராது பலரும் சென்று மெழுகுவர்த்தி ஏற்றும் இடம் அது. சைவ மக்களும் நேர்த்தி வைக்கும் இடம் அது. வழிபட வந்தோர் மாண்டனர். அதனைத் தொடர்ந்த நாட்களில் தெருவெங்கும் ஒற்றை வரி விளக்கங்கள் உலாவின. சிலர் ஒரு சமயத்தாரையே சுட்டி எல்லாம் அவராலே என்றனர். சிலர் எல்லாம் ஒரு சதியே என்றனர். எம் வகுப்புக்கும் அவ்விளக்கங்கள் வந்தன. சுருக்கமாகச் சொல்லப்பட்டதெல்லாம் எளிமை என்று பழகிய மனம் அவற்றை எளிதில் ஏற்கும். விதியால் சுருங்கியது எது, வெறுப்பால் சுருக்கப்பட்டது எது என்று கேட்கப் பழகிய மனம் சிறிது தயங்கும். அத்தயக்கமே கல்வி. அதனைக் கொடாத விஞ்ஞான நூல், எத்துணைச் சுவையாயினும், மனக்கோணலைத் தீர்க்காது.

எளிமையாக எழுதுதல் தமிழர்க்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் எம்மவர்க்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கென உடற்கூற்று நூல்களைத் தமிழாக்குவித்தார். ஆறுமுக நாவலர் நன்னூலுக்குக் காண்டிகையுரை கண்ட அதே கையாற் சிறுவர்க்குப் பாலபாடமும் எழுதினார். இலக்கணக் கடலை நீந்தியவராதலின் அவர் வாக்கியம் ஒன்றேனும் குழம்பவில்லை. 1892இல் காரைதீவிற் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்ற விபுலாநந்த அடிகள், 1947இல் வெளிவந்த தம் யாழ் நூலில் பண்டை இசை நரம்புகளின் அளவுகளைக் கணிதத்தால் ஆராய்ந்தார். தமிழகத்திலே பெ. நா. அப்புசுவாமி அவர்கள், தொழிலால் வழக்கறிஞராயினும், 1986இல் மறையுமளவும் நெடுங்காலம் தமிழில் விஞ்ஞானம் எழுதினார்.

யாழின் கணக்கிலும் எளிமையும் பின்னலும் ஒருங்கே உள. ஒரு நரம்பின் மூன்றில் இரண்டு பங்கை மீட்டினால் இளி பிறக்கும்; பாதியை மீட்டினால் அதே சுரம் மேற்றானத்தில் ஒலிக்கும். இரண்டும் சிறுபிள்ளைக் கணக்கே. இளிக்கு இளியாகப் பன்னிரண்டு முறை ஏறினால், ஏழு தானம் ஏறிய இடத்தையே வந்தடைவோம் என்று செவி எதிர்பார்க்கும். கணக்கோ அவ்வாறு முடிவதில்லை. ஒன்று ஏறத்தாழ 129.75 மடங்கு, மற்றையது 128 மடங்கு. அச்சிறு வேற்றுமையை எங்கே வைத்து மறைப்பது என்பதிலே உலகத்து இசைமுறைகள் பலவும் தத்தம் வழியிற் போராடின. எளிய விதியின் உள்ளேயே முடியாத பின்னல் ஒளிந்திருத்தலுக்கு இதனினும் இனிய சான்று வேண்டா.

இவர்கள் அனைவரிடத்தும் ஒரு பொதுமை உண்டு. எளிமையை அவர்கள் தொடக்கத்தில் வைக்கவில்லை. அரிய பொருளின் மறுகரை வரை சென்று, அங்கிருந்து எளிமையைக் கொண்டுவந்தனர். நூலின் அழகு பத்தினுள் சுருங்கச் சொல்லல் முதலாவதாகவும் விளங்க வைத்தல் இரண்டாவதாகவும் வைக்கப்பட்டமையை நோக்குக. சுருக்கினால் விளங்காது, விளக்கினால் விரியும். இரண்டும் ஒரு வாக்கியத்தில் ஒருங்கு அமைதல், பொருளின் விதியைக் கண்டவனுக்கே கைகூடும்.

ஆதலின் சங்கத்தார்க்கு யாம் அளித்த விடை இது. அனுப்பப்பட்ட நூலை மொழிபெயர்த்தல் வேண்டா. அதன் ஆங்கிலப் பிரதி கல்லூரி நூலகத்தில் இருக்கட்டும். ஆங்கிலம் வல்ல மாணவர் அதிலுள்ள சுவையான செய்திகளைப் படிக்கட்டும். ஒதுக்கிய பொருளைக் கொண்டு தமிழிலே புதுநூல் ஒன்றை ஆக்குதல் வேண்டும். அதனை ஒருவர் எழுதல் வேண்டா. இக்கல்லூரியிற் பயின்று வெளியேறியோருள் மருத்துவர் உளர், பொறியியலாளர் உளர், கணக்காளர் உளர், துறைமுகத்திற் பணிபுரிவோர் உளர், நகைத்தொழில் செய்வோரும் உளர். ஒவ்வொருவரும் தம் தொழிலில் அறிந்த ஒரு விதியை, ஒன்றே ஒன்றை, நான்கு பக்கத்தில் எழுதித் தருக. ஒவ்வொரு கட்டுரையின் ஈற்றிலும் மாணவன் பென்சிலாலோ, நூலாலோ, தராசாலோ தானே செய்து பார்க்கத்தக்க ஒரு செயல் இருத்தல் வேண்டும். கோலத்தையும் யாழையும் பற்றிய இயல்களைத் தமிழ் திருத்தி ஒழுங்குபடுத்தும் பணியை யாம் ஏற்கின்றோம். அந்நூல் சிறிதாகவே இருக்கும், அதனால் இழுக்கில்லை.

நூலை அனுப்பிய அன்பருக்கும் இதனை எழுதினோம். அவர் வெகுளவில்லை. தாம் பயிலும் பொறியியல் துறையிலிருந்து முதற் கட்டுரையைத் தாமே எழுதி அனுப்புவதாக விடை வரைந்துள்ளார். ஏனைய பழைய மாணவரும் அவரைப் பின்பற்றுவாராக. அடுத்த விழா மலர் வெளிவரும்போது, கொச்சிக்கடையில் ஒரு வாயிற்படியில் தாயும் மகனும் அமர்ந்து அந்நூலின் ஒரு பக்கத்தைச் செய்து பார்த்துக்கொண்டிருப்பாராயின் எம் பணி நிறைவுறும். கல்லூரி நீடு வாழ்க. அதன் மாணவர் கையில் நல்ல நூல்கள் பெருகுக.